மில் மோட்டாரைக் கழற்றி மாட்ட: நேர் வயரா, ஐசோலேட்டரா, பிளக்கா?

தங்கச்சிக்கு மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மாவு மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்க ஏழரைக் குதிரைசக்தி மெஷின் ஒன்று. அரிசிக்கும் உளுந்துக்கும் அதைவிடப் பெரியதாகப் பத்துக் குதிரைசக்தியில் இன்னொன்று. பின்கட்டில் தோசை மாவுக்கு ஒரு சாய்க்கிற கிரைண்டர். தோட்டத்து லயத்தில் இன்னும் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களும்தான் வாடிக்கை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே முறுக்கு மாவுக்கு டின் வரிசை கடை முன்னாலிருக்கும் ஐந்தடிப் பாதை வரைக்கும் வந்துவிடும்.

போன வருடம் சரியாக அந்த நேரம் பார்த்து மிளகாய் மெஷினில் மோட்டார் பேரிங் போனது. மோட்டாரைக் கழற்றி ஈப்போவுக்கு அனுப்பி, பேரிங் மாற்றி, மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். வயரை மாட்டிக் கொடுத்தது ஏர்கான் வேலை பார்க்கும் ஒரு பையன். பட்டனை அழுத்தினால் மெஷின் ஓடுகிறது, சத்தம்கூட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே தூள் விழவில்லை. மிளகாயைக் கல்லுக்குள் தள்ளவேண்டிய திருகு அதை வெளியே தள்ள, புனலில் கொட்டிய மிளகாய் அங்கேயே பொங்கி நின்றது. தங்கச்சி குச்சியை விட்டுக் குத்த, உள்ளே கிடந்த பழைய தூளெல்லாம் மேலே கிளம்பியது. கடையில் நின்ற அத்தனை பேரும் தும்மிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார்கள்.

நடந்தது இவ்வளவுதான்: மூன்று லைனில் இரண்டு இடம் மாறி மாட்டப்பட்டிருந்தது. மூன்று லைனில் ஓடும் இந்த த்ரீ ஃபேஸ் மோட்டாரில் எந்த இரண்டு லைனை மாற்றினாலும் அது எதிர்ப்பக்கம் சுற்றும்.

அன்று சாயந்தரம் தங்கச்சி கேட்டாள். "ஏன் அண்ணே, ஒவ்வொரு தடவையும் கழற்ற ஒரு ஆளு, மாட்ட ஒரு ஆளுன்னு அலையணுமா? வீட்டு அயர்ன் பாக்ஸ் மாதிரி ஒரு பிளக் வச்சுட்டா என்ன?" மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "அது ஹை வோல்டேஜ். அதுக்கெல்லாம் பிளக் வைக்க மாட்டாங்க. சுவர்ல பெரிய சுவிட்ச் ஒண்ணு வச்சாப் போதும்" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாவு மில் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சுவரிலிருந்து வயர் நேராக உள்ளே போகிற எந்த மெஷினை வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி என்றைக்காவது வரும்.

முதலில் அந்த "ஹை வோல்டேஜ்" கணக்கைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் த்ரீ ஃபேஸ் என்றாலே ஹை வோல்டேஜ் என்பார்கள். கடைக்கு வருவது இரண்டு லைனுக்கு இடையே 400 வோல்ட், ஒரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். 1000 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் தொழிலில் அதை ஹை வோல்டேஜ் என்பது. நான் வேலை பார்த்த செம்பனை ஆலையில் 11 கிலோவோல்ட் அறை ஒன்று இருந்தது. அங்கே சுவிட்சைத் திறப்பதற்கே அந்த அளவுக்கான தனிச் சான்றிதழ் உள்ள சார்ஜ்மேன், அதாவது சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள், வேண்டும். திறந்த பிறகும் லைனை எர்த்தில் கட்டாமல் யாரும் கிட்டப் போகக் கூடாது. அந்த அறையைப் பற்றி ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க நமக்கு எதுவும் இல்லை. ஆனால் 400 வோல்ட் "லோ" என்பது காகிதத்தில்தான். உடம்புக்கு 230-ஏ போதும்.

சரி, கடைக்கு வருவோம். வழி மூன்று. ஒன்று, இப்போது இருப்பதுபோல் டிபியிலிருந்து (கடையின் பிரேக்கர் பெட்டி) வயர் நேராக மெஷினுக்குப் போவது. வேண்டும்போது திருகாணியைத் தளர்த்திக் கழற்றுவது. இரண்டு, மெஷினுக்குப் பக்கத்திலேயே பூட்டுப் போடக்கூடிய ஐசோலேட்டர், அதாவது கரண்ட்டை முழுசாகப் பிரிக்கும் சுவிட்ச். மூன்று, தொழிற்சாலைகளில் வைக்கிற பெரிய பிளக்கும் சாக்கெட்டும்.

நாலாவது வழி ஒன்றும் உண்டு: நாமே கழற்றி நாமே மாட்டிக்கொள்வது. அதைச் சீக்கிரமே தள்ளிவிடுகிறேன். நிலையான வயரிங்கில் கை வைப்பது, சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தில் பதிந்த பெண்டாவாய், அதாவது நாம் வாயர்மேன் என்று சொல்கிறவரின் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. த்ரீ ஃபேஸ் என்றால் அவருக்கு த்ரீ ஃபேஸ் தகுதி இருக்கவேண்டும். சிங்கிள் ஃபேஸ் வயரிங் மட்டும் செய்ய அனுமதி உள்ளவர் போதாது. என்னிடம் சார்ஜ்மேன் சான்றிதழ் இருந்தது. ஆனால் அது ஆலையின் சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்வதற்கு. தங்கச்சி கடையில் புது வயர் இழுக்க அது செல்லாது. எனக்கே செல்லாது என்றால் ஏர்கான் பையனுக்கு எப்படிச் செல்லும்?

நேர் வயர்

இதைக் குறை சொல்லுமுன் இதன் நல்லதைச் சொல்லவேண்டும். வயரிங்கில் கோளாறு வருகிற இடம் பெரும்பாலும் இணைப்புதான். நேர் வயரில் இணைப்புகள் குறைவு. பிளக்கின் பின் இல்லை, சுவிட்சின் தேயும் உலோகம் இல்லை. ஒரு தடவை சரியாக முறுக்கிவிட்டால் பத்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆணி அடித்ததுபோல் ஓரிடத்தில் நிற்கும் மெஷினுக்கு இதைவிட நல்லது கிடையாது.

கெட்டது எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கழற்றும்போதுதான். மோட்டாரின் பெட்டி மூடியைத் திறந்து பாருங்கள். அடிக்கடி கழற்றி மாட்டிய மோட்டார் என்றால் வயர் முனையில் இழைகள் பிரிந்து நாலைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் கருகிய நுனியை வெட்டி வெட்டி வயர் குட்டையாகிப்போய், இழுத்துப் பிடித்துத்தான் மாட்டவேண்டியிருக்கும். ஆணியின் தலை வழுக்கியிருக்கும். தங்கச்சி கடையில் நான் திறந்து பார்த்தபோது ஒரு லைனின் உறை மட்டும் ஆணிக்குப் பக்கத்தில் அரை அங்குல நீளம் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. அது தளர்ந்த இணைப்பின் அடையாளம். தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். ஒரு லைன் முழுசாக விட்டுப்போனால் மோட்டார் மீதி இரண்டு லைனில் முனகிக்கொண்டே ஓடப் பார்க்கும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே சரியாக வைக்கப்படாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிடும்.

இன்னொரு கண்ணி நிறம். நம் கட்டடங்களில் பழைய வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டிலிருந்து வரும் மெஷினின் கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் லைன், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அதாவது சுவரில் நியூட்ரலாக இருக்கும் கறுப்பு மெஷினில் லைன். சுவரில் லைனாக இருக்கும் நீலம் மெஷினில் நியூட்ரல். "கறுப்புக்குக் கறுப்பு, நீலத்துக்கு நீலம்" என்று நிறம் பார்த்து மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நிறத்தை நம்பாமல், கழற்றுமுன் ஒவ்வொரு வயரிலும் எண் போட்ட டேப் ஒட்டி, கைப்பேசியில் ஒரு படம் பிடித்துவைக்கச் சொல்வேன். இரண்டு நிமிட வேலை. அன்று அதைச் செய்திருந்தால் அந்தத் தும்மலே இருந்திருக்காது.

ஆகவே நேர் வயர் நல்லதா என்பது எத்தனை தடவை கழற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. தங்கச்சியிடம் கேட்டேன். "வருஷத்துக்கு ரெண்டு தடவை இருக்கும்" என்றாள். அப்புறம் சாதாரணமாக ஒரு வார்த்தை சேர்த்தாள்: "கல்லு கொத்துறதுக்குத்தான் வாராவாரம் திறக்கணும்."

அங்கேதான் எனக்குத் திக்கென்றது.

ஐசோலேட்டர்

மெஷினை வெளியே கொண்டுபோவது வருடத்துக்கு இரண்டு தடவை. ஆனால் மூடியைத் திறந்து, கல்லைக் கழற்றி, திருகு இருக்கிற குழாய்க்குள் கையை விட்டுத் துடைப்பது வாரத்துக்கு ஒரு தடவை. இத்தனை நாளும் அதை எப்படிச் செய்தார்கள்? சிவப்பு ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு. அவ்வளவுதான். டிபி முன்பக்கம் கல்லாவுக்கு மேலே, மெஷின் நடுக்கட்டில். இவள் கையை உள்ளே விட்டிருக்கும்போது முன்னால் நிற்பவர் யாராவது பச்சைப் பட்டனை அழுத்தலாம். பட்டனே அழுத்தாமலும் ஓடலாம். மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்குள் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டன் பேச்சைக் கேட்காது. ஸ்டாப் பட்டன் மெஷினை நிறுத்துவதற்கு. கரண்ட்டைப் பிரிப்பதற்கு அல்ல.

நாம் எல்லாரும் "கழற்றுவது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. கையை உள்ளே விடுவதற்காகக் கரண்ட்டைப் பிரிப்பது ஒன்று. மெஷினையே தூக்கிக்கொண்டு போவதற்காக வயரைப் பிரிப்பது இன்னொன்று. ஐசோலேட்டர் முதல் வேலைக்கு நூற்றுக்கு நூறு. இரண்டாவதற்குப் பாதிதான்.

நல்ல ஐசோலேட்டர் என்றால் மெஷினிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில், மூன்று லைனையும் ஒரே திருப்பில் பிரிப்பதாக, பிடியின் துளையில் பூட்டு மாட்டக்கூடியதாக இருக்கவேண்டும். பெட்டிக்குள் மாவும் மிளகாய்த் தூளும் போகாத மாதிரி மூடப்பட்டதாக இருக்கவேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ஐசோலேட்டரும் ஓடுகிற மோட்டாரை நிறுத்துவதற்குச் செய்ததல்ல. சிலவற்றை லோடு இல்லாதபோது மட்டுமே திருப்பலாம். ஓடும்போது திருப்பினால் உள்ளே பொறி பறந்து முனை உருகும். மோட்டாரை லோடோடு பிரிக்கக்கூடியதன் மேல் "ஏசி-23ஏ" என்று அச்சிட்டிருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்பார். ஒன்று இல்லை.

ஆலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பூட்டு ஆளுக்கொன்று, சாவி ஆளுக்கொன்று. நாலு பேர் ஒரு கன்வேயரில் வேலை பார்த்தால் ஐசோலேட்டரில் நாலு பூட்டு தொங்கும். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டை எடுக்கும் வரைக்கும் அது ஓடாது. பக்கத்தில் "ஜாங்கான் ஹிடுப்கான்" என்று ஓர் அட்டை. தமிழ் மட்டும் படிப்பவர்களுக்காகக் கீழே "வேலை நடக்கிறது, போடாதே" என்று நான் எழுதி வைத்திருந்தேன். கடைக்கு நாலு பூட்டு வேண்டாம். ஒன்று போதும். ஆனால் சாவி கல்லாப்பெட்டியில் இருக்கக் கூடாது, கையை உள்ளே விடுகிறவரின் இடுப்பில் இருக்கவேண்டும். மாப்பிள்ளை கொண்டுவரும் ஜெனரேட்டரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் வாடகைக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது ஜெனரேட்டர் வேறு பக்கத்திலிருந்து கரண்ட்டை உள்ளே தள்ளலாம். மெஷின் பக்கத்திலேயே பிரித்துப் பூட்டியிருந்தால் கரண்ட் எங்கிருந்து வந்தாலும் கவலையில்லை.

ஐசோலேட்டரின் குறை என்ன? திருப்பிப் பூட்டிய பிறகும் அதன் பெட்டிக்குள் மேல்பக்கத்து ஆணிகளில் 400 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மோட்டாரைத் தூக்கவேண்டுமானால் இன்னமும் வாயர்மேன் வரவேண்டும், இன்னமும் ஆணி தளர்த்தவேண்டும், இன்னமும் லைன் இடம் மாறலாம். வாராந்திரப் பிரச்சினை தீர்ந்தது; வருடப் பிரச்சினை அப்படியே நிற்கிறது.

பிளக்

தங்கச்சி கேட்ட அயர்ன் பாக்ஸ் பிளக் கிடையாது. வீட்டுப் பிளக் 13 ஆம்பியருக்கு மேல் தாங்காது, அதில் ஒரே ஒரு லைன்தான் போகும். நான் சொல்வது ஐஇசி 60309 என்ற தரத்தில் வரும் வட்டமான கனத்த பிளக். 230 வோல்ட்டுக்கு நீலம், 400 வோல்ட்டுக்குச் சிவப்பு. 16, 32, 63, 125 ஆம்பியர் என்று அளவு ஏறும்; ஒன்றின் பிளக் மற்றதன் சாக்கெட்டில் நுழையாது. எர்த் பின் மற்றவற்றைவிடத் தடிமனானது. செருகும்போது எர்த் முதலில் சேரும், இழுக்கும்போது கடைசியில் விடும். கட்டுமான இடங்களிலும், பெரிய கோயில் திருவிழாக்களில் மேடை விளக்குகளுக்கும் பார்த்திருப்பீர்கள்.

இதன் பெரிய நன்மை, பிரிந்ததைக் கண்ணால் பார்ப்பது. சுவிட்சில் பிடி கீழே இருக்கிறது என்பதை நம்பவேண்டும். பிளக்கில் அதைக் கையிலேயே பிடித்திருக்கிறோம். மோட்டாரைத் தூக்க ஆணி தளர்த்த வேண்டாம், நிறம் பார்க்க வேண்டாம். திரும்பி வந்தால் அதே பிளக் அதே சாக்கெட்டில், அதே வரிசையில். பேரிங் மாற்றுகிற ஆளே கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் ரீவைண்டிங் கடையில் மோட்டாரின் உள்வயர்களை மாற்றிக் கட்டியிருந்தால் சுற்றும் திசை மாறலாம். அதனால் பெல்ட்டை மாட்டுமுன் ஒரு நொடி தட்டிப் பார்த்துவிடவேண்டும். லைன்களின் பின்னை ஸ்க்ரூடிரைவரால் அரை வட்டம் திருப்பித் திசையை மாற்றுகிற பிளக்கும் கடையில் கிடைக்கிறது. எனக்கு அதில் ஆசை இல்லை. எளிதாகத் திருப்ப முடிகிற எதையும் யாராவது திருப்பிவிடுவார்கள்.

எத்தனை பின் வேண்டும் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். மோட்டாருக்கு மட்டும் என்றால் மூன்று லைனும் எர்த்தும்: நாலு பின். ஆனால் ஸ்டார்ட்டர் மெஷினின் கால்களிலேயே மாட்டியிருந்து, அதன் காயில் 230 வோல்ட்டாக இருந்தால் நியூட்ரலும் வேண்டும்: ஐந்து பின். மிளகாய் மெஷினில் அப்படித்தான் இருந்தது. ஏழரைக் குதிரைசக்தி என்றால் ஐந்தரைக் கிலோவாட். ஓடும்போது ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் கணக்குக்குப் போதும். நான் 32 எடுக்கச் சொன்னேன். கிளம்பும்போது மோட்டார் ஆறேழு மடங்கு இழுக்கிறது, தூசி வேறு. பிரேக்கர் மட்டும் கேபிளுக்கும் மோட்டாருக்கும் ஏற்ற அளவிலேயே இருக்கவேண்டும். பிளக் 32 என்பதற்காகப் பிரேக்கரையும் ஏற்றிவிடக் கூடாது.

குறைகள் உண்டு. மெஷின் ஓடும்போதே யாராவது பிளக்கை இழுத்தால் பொறி பறக்கும். மலிவான சாக்கெட்டில் உள்பிடி தளர்ந்து பின் கருகும். சாக்கெட் தரையோரம் இருந்தால் கடை கழுவும் தண்ணீர் அதில்தான் போகும். முதல் குறைக்கு மட்டும் ஒரு நல்ல மருந்து இருக்கிறது: சாக்கெட்டோடு சுவிட்சும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் வகை. அதில் சுவிட்சை அணைக்காமல் பிளக்கை இழுக்க முடியாது. பிளக் உள்ளே இல்லாமல் சுவிட்சைப் போட முடியாது. சுவிட்சில் பூட்டும் மாட்டலாம். ஐசோலேட்டரையும் பிளக்கையும் ஒரே பெட்டியில் வைத்த மாதிரி. மூன்று வழியிலும் விலை கூடியது இதுதான். ஆனால் தீபாவளி வாரத்தில் மில் மூன்று நாள் நின்ற கணக்கைத் தங்கச்சி சொன்னபோது, விலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

எல்லா இடத்துக்கும் பிளக்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் தங்கச்சி வீட்டுக் குளியலறையில் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. 3.6 கிலோவாட். 230-ஆல் வகுத்தால் 15 ஆம்பியரைத் தாண்டும். அதை வீட்டுப் பிளக்கில் செருகி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிளக்கின் முகம் உருகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருக்கும். அங்கே நேர் வயரும், லைன் நியூட்ரல் இரண்டையும் பிரிக்கும் 20 ஆம்பியர் சுவிட்சும்தான் சரி. ஈரமான இடம் என்பதால் 10 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிடி, அதாவது கசிவு கண்டால் கரண்ட்டை வெட்டும் சுவிட்ச், இருக்கவேண்டும் என்பது விதி. ஹீட்டரை நாம் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. அது போகும்போது ஒரேயடியாகத்தான் போகும்.

கரண்ட் போய்விட்டதா?

எந்த வழியை எடுத்தாலும், ஆணியில் ஸ்க்ரூடிரைவர் படுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. அதைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். சுவிட்ச் கீழே இருக்கிறது என்பது கரண்ட் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. டிபியில் பெயர் தப்பாக எழுதியிருக்கலாம். சுவிட்சுக்குள் ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்கலாம்.

சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் டெஸ்ட் பென் எனக்குப் பிடிக்காது. வெளிச்சத்தில் அதன் விளக்கு தெரியாது. ரப்பர்ச் செருப்புப் போட்டு மரப்பலகையில் நின்றால் சரியாக எரியாது. எரியாவிட்டால் கரண்ட் இல்லையா, பென் கெட்டுவிட்டதா என்பது தெரியாது. இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர்தான் வேண்டும். அதையும் மூன்று தடவை வைக்கவேண்டும்: முதலில் கரண்ட் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் கழற்றப்போகிற ஆணிகளில், பிறகு மறுபடியும் முதல் இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் மூன்றாவது தடவையில் தெரிந்துவிடும். ஆணிகளில் வைக்கும்போது லைனுக்கு லைன் மூன்று ஜோடி, ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரல், ஒவ்வொரு லைனுக்கும் எர்த். இளம் வாயர்மேன்கள் லைனுக்கு லைன் மட்டும் பார்த்து விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரே ஒரு லைன் மட்டும் உயிரோடு இருந்தால் அந்த அளவில் அது அகப்படாது.

இன்வெர்ட்டர் வைத்து வேகம் மாற்றுகிற மோட்டாராக இருந்தால் அணைத்ததும் திறக்கக் கூடாது. 400 வோல்ட் இன்வெர்ட்டரின் கபாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்கவேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள். காத்திருந்த பிறகும் அளந்து பார்க்கவேண்டும். சிங்கிள் ஃபேஸ் கிரைண்டர் மோட்டாரின் கபாசிட்டரும் சின்னதாக ஒரு கடி கடிக்கும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் பகுதியை மின்சாரம் கொடுக்கும் டிஎன்பியைத் தவிர யாரும் தொடக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேல்பக்கம் கரண்ட் இருக்கத்தான் செய்யும். எங்கள் அப்பா இன்னும் டிஎன்பியின் பழைய பெயரில் அதை எல்எல்என் பெட்டி என்றுதான் சொல்வார். பெயர் மாறியது 1990-இல்.

ஆர்சிடி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. அது எர்த்துக்குக் கசிவதைத்தான் கண்டுபிடிக்கும். ஒரு கை ஒரு லைனிலும் மறு கை இன்னொரு லைனிலும் பட்டால் அதற்கு நீங்களும் ஒரு மோட்டார்தான்.

கழற்றும்போது லைன்களை முதலில் எடுத்து, நியூட்ரலை அடுத்து எடுத்து, எர்த்தைக் கடைசியில் எடுப்பது வழக்கம். மாட்டும்போது எர்த் முதலில். நியூட்ரல் ஆணியை மற்றதைவிடக் கவனமாக முறுக்கவேண்டும். த்ரீ ஃபேஸ் கடையில் பொது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட்டில் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் கூடுதல் வோல்டேஜ் ஏறும், சில சமயம் 400-ஐ நெருங்கிக்கூட. எரிந்த வாடைதான் முதலில் சேதி சொல்லும். பிரிந்த இழைகளை அப்படியே ஆணிக்குள் திணிக்காமல் முனைக்குழல் என்ற சின்ன உலோகக் குழலைப் போட்டு நசுக்கி மாட்டச் சொல்லுங்கள். மாட்டி முடித்தபின், கசிவு இருக்கிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கரில் மோட்டாருக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று வாயர்மேன் பார்ப்பார். பார்க்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஈப்போவிலிருந்து லாரியில் மழையில் வந்த மோட்டாருக்கு அது அவசியம்.

கடையில் கடைசியில் செய்தது

மிளகாய் மெஷினுக்குச் சுவிட்சோடு பூட்டிக்கொள்ளும் 32 ஆம்பியர் ஐந்து பின் சாக்கெட். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல், தண்ணீர் படாத பக்கம். வாராந்திரக் கல் கொத்துவதற்கும் அதுவே, பேரிங்குக்குத் தூக்குவதற்கும் அதுவே.

அரிசி மெஷினுக்கும் அதையே வைக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். இதற்குள் அவர் பிளக் கட்சிக்கு மாறிவிட்டிருந்தார். ஆனால் அங்கே முடியாது. பத்துக் குதிரைசக்தி என்பதால் அதற்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டைக் குறைப்பது) வைத்திருக்கிறார்கள், அதுவும் சுவரில். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு வயர் போகிறது, எர்த் தனி. ஐந்து பின்னில் ஆறு வயரை எங்கே கொடுப்பது? ஸ்டார்ட்டரையே மெஷினோடு சேர்த்துக் கட்டினால் முடியும். ஆனால் அந்த மெஷின் சிமெண்டு மேடையில் போல்ட் போட்டு நிற்கிறது, ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நகர்ந்திருக்கிறது. அதற்காக அவ்வளவு செய்வது வீண். ஸ்டார்ட்டருக்கு முன்னால், மேடைக்குப் பக்கத்திலேயே பூட்டுப் போடும் ஐசோலேட்டர் போதும். ஆறு வயரிலும் மோட்டார்ப் பக்கமும் ஸ்டார்ட்டர்ப் பக்கமும் ஒரே எண் டேப் ஒட்டச் சொன்னேன். அந்த ஆறில் இரண்டு மாறிப்போனால் திசை மட்டும் மாறாது, ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்குத் தாவும் நேரத்தில் பிரேக்கரும் விழும்.

கிரைண்டர் சிங்கிள் ஃபேஸ், இரண்டு குதிரைசக்தி. ஏற்கெனவே பிளக்தான். அதை விட்டுவிட்டோம்.

வேலை முடிந்த அன்று வாயர்மேன் தம்பி பெல்ட் மாட்டாமல் மோட்டாரை ஒரு நொடி தட்டினார். நான் உறையின் மேல் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டேன். தங்கச்சி ஒரு பிடி மிளகாயைப் புனலில் போட்டுவிட்டு, முன்னெச்சரிக்கையாகத் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். தூள் கீழேதான் வந்தது.